பீப்பாயில் இருந்த மழை

காரைமட்டத்தில் மூன்று பேர் சேர்ந்து வீட்டிலேயே பீர் காய்ச்சினார்கள். அதைக் குடித்தவரின் தலைக்கு மேல், அந்தப் பீர் எந்த இரவில் திறந்தவெளியில் காற்று வாங்கியதோ அந்த இரவின் வானிலை வந்து நின்றது. இந்த இரண்டு செய்திகளில் முதலாவதைத்தான் ஊர் பல மாதம் பேசியது, ஏனென்றால் மூவரில் ஒருவர் பெண்.

அவள் பெயர் பிலோமினா. மலைப்பாதையின் கடைசிக் கொண்டை ஊசி வளைவுக்கு மேலே அவள் வீடு இருந்தது, வீட்டுக்குப் பின்னால் ஜாம் பட்டறை இருந்தது, பிளம்ஸும் பேரியும் கொடித்தோடையும் காய்க்கிற மாதங்களில் அந்தச் சரிவு முழுக்கச் சர்க்கரைப் பாகின் வாசனை அடித்தது. இரண்டாமவர் துரைக்கண்ணு. ஓய்வு பெறும் வரை அந்த மலைப்பாதையில் பஸ் ஓட்டியவர். ஒரு பிளம்ஸைக் கடித்தால் அது எந்தச் சரிவில் காய்த்தது, வெயில் பக்கமா நிழல் பக்கமா என்று சொல்லக்கூடிய நாக்கு அவருக்கு. கீழ் லைனில், எஸ்டேட் வீடுகளின் வரிசையில், மனைவி பாக்கியத்தோடு இருந்தார். மூன்றாமவன் இளங்கீரன். பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலையை விட்டுவிட்டு, முளைகட்டிக் காயவைத்த மால்ட் பார்லி இரண்டு மூட்டையோடும், அதை அரைக்க ஒரு கை இயந்திரத்தோடும், அப்பாவின் பூட்டிக் கிடந்த வீட்டுக்கு வந்து சேர்ந்தவன்.

முதல் தடவை காய்ச்சியபோது நடந்தது ஒரு சின்னத் தடங்கல்தான். மால்ட்டை வெந்நீரில் ஊறவைத்து, வடிகட்டி, கொதிக்கவிட்டு எல்லாம் ஆன பிறகு, ஈஸ்ட் பார்சல் வரவில்லை என்று தெரிந்தது, பாதையில் பாறை விழுந்து லாரிகள் அடிவாரத்திலேயே நின்றுவிட்டன. இளங்கீரன் அண்டாவைச் சுற்றிச் சுற்றி வந்தான்.

"தோசை மாவுக்கு யாரு தம்பி ஈஸ்ட் வாங்கிப் போடுறா?" என்றாள் பிலோமினா. "மாடியில திறந்து வைப்போம். வர்றது வரட்டும்."

"அப்படியும் செய்வாங்கக்கா. பெல்ஜியத்துல ராத்திரி பூரா கூரைக்குக் கீழ திறந்து வச்சு, காத்துல இருக்கிறதையே பிடிப்பாங்க. ஆனா புளிக்கும். வருஷக்கணக்கா ஆகும்."

"நாம எல்லாரும் இங்கதானே இருக்கப்போறோம்" என்றார் துரைக்கண்ணு.

அப்படியாக அந்த அகலமான அலுமினிய அண்டாவை மூன்று பேரும் மாடிக்குத் தூக்கினார்கள், பழைய வேட்டியால் வாயைக் கட்டினார்கள், அன்று இரவு முழுக்கப் பள்ளத்திலிருந்து பனிமூட்டம் ஏறி வந்து வேட்டியின் இழைகளுக்கிடையே இறங்கியது. காலையில் அதைப் பீப்பாயில் ஊற்றி மூடினார்கள். சில நாளில் அது முணுமுணுக்கத் தொடங்கியது, மேலே பால் ஆடை போல வெளுத்து ஒரு தோல் படிந்தது, முதலில் ஆட்டுக் கொட்டில் போல நாறியது, பிறகு நனைந்த வைக்கோல் போல, பிறகு மாவடு போல, பிறகு எதைப் போலவும் இல்லாமல் அதைப் போலவே மணக்கத் தொடங்கியது. அடுத்த ஆண்டு மார்ச் மாதம், மொட்டை வெயிலில், முதல் பாட்டிலைத் திறந்தார்கள்.

துரைக்கண்ணு ஒரு வாய் குடித்து, கண்ணைச் சுருக்கி, விழுங்கினார். அவர் தோள் மேல் பனிமூட்டம் இறங்கியது. அவர் உட்கார்ந்திருந்த நாற்காலி மங்கியது, பிறகு அவர் முழங்கால் மங்கியது. மற்ற இருவரும் குடித்ததும் முற்றமே வெளுத்துப்போனது. பிலோமினா எழுந்துபோய்க் கொடியில் காய்ந்த துணிகளை எடுத்து உள்ளே போட்டாள்.

"அண்ணே, பனி இறங்குது" என்றான் இளங்கீரன்.

"அன்னைக்கும் இப்படித்தான் இருந்துச்சு" என்று சொல்லி அவர் டம்ளரை நீட்டினார். "இன்னும் கொஞ்சம் ஊத்து. கடைசியில ஒரு கசப்பு வருது, அது என்னன்னு பாக்கணும்."

போகப் போக அதன் போக்கு அவர்களுக்குப் பிடிபட்டது. ஒருவர் குடித்தால் ஒரு குடை அளவுக்கு வானிலை வரும், பலர் குடித்தால் குடைகள் ஒன்றோடொன்று சேர்ந்துகொள்ளும். நாக்கில் புளிப்பு இருக்கும் வரை அது கூடவே நடந்து வரும். சூடாக ஒரு டீ குடித்தால் போய்விடும். இவ்வளவு தெரிந்த பிறகு அவர்கள் இரவுகளைத் தேடித் தேடிக் காய்ச்சினார்கள். குழாய்த் தண்ணீர் உறைந்த ஜனவரி இரவில் ஒன்று, ஜூலைக் காற்றில் ஒன்று, தூறலில் ஒன்று, எதுவுமே நடக்காத ஒரு நிலா இரவில் ஒன்று. ஒன்றில் பிளம்ஸ் போட்டார்கள், ஒன்றில் கொடித்தோடை பிழிந்தார்கள், அண்டாவைச் சில சமயம் பேரி மரத்தடியில் வைத்தார்கள், சில சமயம் கல்லறைத் தோட்டத்துச் சுவரோரம் வைத்தார்கள், ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு புளிப்பு இருந்தது, அதைப் பற்றி மூவரும் நாள் முழுக்கச் சண்டை போட்டார்கள்.

ஊர் அதற்குப் பழகிக்கொண்டது. விசாரிக்க வந்த இன்ஸ்பெக்டர் தன் பெண்ணின் நிச்சயதார்த்தத்துக்கு நிலா இரவுப் பீரில் நான்கு பாட்டில் கேட்டு வாங்கிப் போனார். புனித வெள்ளி ஊர்வலத்துக்குப் பனிமூட்டம் இருந்தால் நன்றாக இருக்கும் என்று பங்குத் தந்தை சொல்லி அனுப்பினார். காய்ச்சலில் கிடந்தவர்களின் கட்டிலருகே யாராவது ஒருவர் உறைபனியைக் குடித்துவிட்டு உட்கார்ந்திருந்தார்கள். தீமிதிக்கு அதே உறைபனியைக் கேட்டு இளைஞர்கள் வந்தபோது, அது அழுகுணி ஆட்டம் என்று பூசாரியே தடுத்துவிட்டார். பஞ்சாயத்துத் தலைவி மரகதம் மட்டும் பிலோமினா வீட்டு வாசற்படி ஏறவில்லை. ஊரில் இருந்த ஒரே சாராயக் கடையை ரோட்டில் உட்கார்ந்து மூட வைத்தவள் அவள். "குடிக்கிறது குடிக்கிறதுதான்" என்றாள். "அதுக்கு மேல மேகம் நின்னா என்ன, நட்சத்திரம் நின்னா என்ன." ஆனால் வானிலை பஞ்சாயத்து வரம்புக்குள் வராது என்பதால் அவள் வேறெதுவும் செய்யவில்லை.

பிறகு புயல் வந்த வருடம் வந்தது.

அன்று அந்தி தெளிவாக இருந்தது, கடைசி வெளிச்சத்தில் அண்டாவை மாடிக்கு ஏற்றினார்கள். மரநாய் வந்து வாய் வைக்காமல் காவல் இருக்கிற முறை துரைக்கண்ணுடையது. காலம் தப்பிய மழை ஒன்று கிழக்கிலிருந்து வந்து மலையின் மேல் உட்கார்ந்துகொண்டு விடியும் வரை எழுந்திருக்கவில்லை. அவர் இறங்கிப் போகவும் வழியில்லாமல், ஒரு தார்ப்பாயை அண்டாவின் மேல் சரித்துப் பிடித்துக்கொண்டு மாடியிலேயே நின்றார். காலையில் கீழ் லைன் இருந்த சரிவு ஓடைக்குள் இறங்கியிருந்தது. பாக்கியத்தை மறுநாள்தான் எடுத்தார்கள்.

காரியம் எல்லாம் முடிந்த பிறகு, மற்ற இருவரும் மறந்தே போயிருந்த அந்த அண்டாவை அவரே இறக்கி, பீப்பாயில் ஊற்றி, மூடியைச் சுத்தியலால் அடித்து இறுக்கினார். மற்ற பீப்பாய்களின் மேல் சுண்ணக்கட்டியால் பேர் எழுதுவது வழக்கம், இதன் மேல் எதுவும் எழுதவில்லை. ஜாம் பட்டறையை ஒட்டிய அறையில் குடியேறினார். காய்ச்சுவதற்கு முன்போலவே வந்தார், பாட்டில் கழுவினார், ருசி சொன்னார். மூலையில் அந்தப் பீப்பாய் மற்ற எதையும் விட அதிகமாகப் பொருமிக்கொண்டு கிடந்தது, அதைக் கொட்ட யாருக்கும் மனம் வரவில்லை, திறக்கவும் வரவில்லை.

அதற்கப்புறம் மழை காரைமட்டத்தை மறந்தது. ஒரு பருவம் பொய்த்தது, அடுத்ததும் பொய்த்தது. ஏரி சுருங்கிச் சுருங்கி, எப்போதோ மூழ்கிய படகு ஒன்றின் விலா எலும்புகள் வெளியே தெரிந்தன. காப்பிச் செடிகள் பூக்காமலே கருகின, காட்டெருமைகள் பகலிலேயே தெருவுக்கு வந்து அடிபம்பின் அருகே மனிதர்களுக்குப் பின்னால் வரிசையில் நின்றன. தண்ணீர் லாரி வரும் நாள்களில் அக்கம்பக்கத்தார் ஒருவரையொருவர் பெயர் சொல்லிக் கூப்பிடுவதை நிறுத்திக்கொண்டார்கள். தூறல் பாட்டில்களை எடுத்துக்கொண்டு மூவரும் தோட்டம் தோட்டமாக நடந்தார்கள், ஆனால் தூறல் இலையை நனைத்ததே தவிர வேருக்குப் போகவில்லை.

ஒரு நாள் காலை மரகதம் பிலோமினாவின் வாசற்படி ஏறினாள். கூட மகளிர் குழுப் பெண்கள் சிலர் வந்தார்கள். பட்டறையில் காலி ஜாம் பெட்டிகளைக் கவிழ்த்து உட்கார்ந்தார்கள்.

"உங்ககிட்ட ஒரு பெரிய மழை இருக்குன்னு ஊரே பேசுது" என்றாள் மரகதம்.

"அதைப் பெரிய மழைன்னு சொல்லாத மரகதம்" என்றாள் பிலோமினா.

"என்னன்னு எனக்குத் தெரியும்க்கா. எங்க சித்தி மகன் அந்த லைன்லதான் இருந்தான்." அவள் சேலைத் தலைப்பை விரலில் சுற்றினாள். "தெரிஞ்சுதான் வந்திருக்கேன். கேக்கிறதுக்கு எனக்கு வாய் கூசுது. ஆனா லாரிக்காரன் அடுத்த வாரத்துலேருந்து வரமாட்டேன்னுட்டான், அடிவாரத்துலயும் தண்ணி இல்லையாம்."

துரைக்கண்ணு தொட்டியருகே குந்தி பாட்டில் கழுவிக்கொண்டிருந்தார். எல்லோரும் அவரைப் பார்க்காமல் இருக்க முயன்றார்கள்.

"அண்ணன் சொல்லாம நான் அந்த மூடியில கை வைக்க மாட்டேன்" என்றாள் பிலோமினா.

அவர் கையிலிருந்த பாட்டிலைக் கழுவி முடித்துக் கவிழ்த்து வைத்தார். "அப்படியே எடுத்து ஊருக்குக் குடுத்தா, மிச்சம் இருக்கிற வீடும் ஓடைக்குப் போயிரும்" என்றார். பிறகு அடுத்த பாட்டிலை எடுத்துக்கொண்டு, "கலக்கணும்" என்றார்.

இளங்கீரன் பெண்களுக்கு விளக்கினான். முற்றிய புளிப்பையும் இளம் புளிப்பையும் கலந்து ஒன்றையொன்று அடக்க வைப்பது பீர் காய்ச்சுகிறவர்களின் பழைய வழக்கம். பனிமூட்டமும் தூறலும் நிலாவும் இன்னும் சில பீப்பாய் இருக்கின்றன, அவற்றோடு புயலைச் சேர்த்தால் அது இறங்கி வரும். எவ்வளவுக்கு எவ்வளவு என்பதுதான் கேள்வி. அதை நாக்கில் வைத்துப் பார்த்துத்தான் சொல்ல முடியும். அந்த நாக்கு யாருடையது என்று அவன் சொல்லவில்லை, யாரும் கேட்கவும் இல்லை.

மறுநாள் முற்பகலில் துரைக்கண்ணு அந்தப் பீப்பாயைத் தானே திறந்தார். ஒரு சின்ன டம்ளரில் பிடித்தார், செம்மண் நிறத்தில் இருந்தது. மற்ற இருவரையும் எட்டி நிற்கச் சொல்லிவிட்டு வாயில் ஊற்றிக்கொண்டார். அவர் தலைமேல் இருட்டியது, பட்டறையின் தகரக் கூரைக்குக் கீழேயே மழை அவர் மேல் கொட்டியது, சட்டை உடம்போடு ஒட்டியது. வெளியே வந்து ரோட்டில் இறங்கி நடந்தார்.

வெயில் காய்ந்த ரோட்டில், தன் மழையைத் தன்னோடு அழைத்துக்கொண்டு ஒருவர் நடந்துபோவதை ஊர் பார்த்தது. அடிபம்பில் நின்ற பெண்கள் குடத்தோடு அவர் பின்னால் ஓடவில்லை. கோயாவின் டீக்கடையில் உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்து நின்றார்கள். அவர் கடைத்தெருவைத் தாண்டி, மண்பாதையில் இறங்கி, புல் முளைத்துக் கருகியிருந்த கீழ் லைன் சரிவுக்குப் போனார். அங்கே வீடு எதுவும் இல்லை, ஆனாலும் ஒரு இடத்தில் குனிந்து, வாசல் நிலையில் தலை இடிக்காமல் நுழைகிறவர் போல நுழைந்து நின்றார். நாக்கில் புளிப்பு இருந்த வரைக்கும் நின்றார். மழை அவர் மேல் விழுந்து, அவர் காலடியிலிருந்து சிவப்பாக ஓடி, ஓடையை எட்டுவதற்குள் வற்றிப்போனது.

திரும்பி வந்து உடை மாற்றிக்கொண்டு பட்டறைக்குள் நுழைந்தார்.

"முன்னாடி உப்பு. அப்புறம் இரும்பு. ரொம்பப் பின்னாடி பிளம்ஸ் கொட்டை மாதிரி ஒண்ணு" என்றார். "நல்ல பீரு."

பிலோமினா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அவர்கள் பல நாள் கலந்தார்கள். ஒரு பங்கு புயலுக்கு நிறையப் பனிமூட்டம் சேர்த்தபோது அது வெறும் ஈரமாக முடிந்தது. நிலாவைச் சேர்த்தபோது மழை வந்து வந்து நின்றது. தூறலையும் பனிமூட்டத்தையும் சேர்த்து, உறைபனியில் ஒரு கரண்டி விட்டபோது ஆலங்கட்டி விழுந்து பட்டறையில் பாட்டில்கள் உடைந்தன. ஒவ்வொன்றையும் துரைக்கண்ணு குடித்துவிட்டு ஒரே ஒரு படிக்கட்டு வயலின் வரப்பில் நடந்தார், மண் கரைகிறதா, கல் அசைகிறதா என்று இளங்கீரன் கீழேயிருந்து பார்த்தான். கடைசியில் ஒரு கலவையில் மழை நேராக, நிதானமாக, அவசரமில்லாமல் இறங்கியது, வரப்பு அதை ஒரு சொட்டு விடாமல் குடித்தது. "இதுதான்" என்றார் அவர். மூலைப் பீப்பாயையும் மற்ற எல்லாப் பீப்பாய்களையும் அந்தக் கணக்கில் காலி செய்தார்கள். அடுத்த வருடத்துக்கு என்று ஒரு இரவு கூட மிச்சம் வைக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து, கோயில் மணியும் அடித்து, ஊர் ஏரிக்கரையில் கூடியது. யாரையும் கட்டாயப்படுத்தவில்லை. கோயாவும் பள்ளிவாசலைச் சேர்ந்தவர்களும் குடிக்க மாட்டார்கள், சபைக்காரர்கள் சிலர் குடிக்க மாட்டார்கள், பிள்ளைகளுக்கும் பிள்ளைத்தாய்ச்சிகளுக்கும் கிடையாது. குடிக்காதவர்களின் வீடுகள் காய்ந்தே இருக்கும் என்பதால், ஊரார் விறகையும் அரிசியையும் போர்வைகளையும் பிள்ளைகளையும் அங்கே கொண்டுபோய் வைத்தார்கள். ஓடைகளின் தலைப்பக்கம், சோலைக்காட்டு விளிம்பு, ஏரிக்கு மேலே இருக்கிற புல்வெளி என்று குடிக்கிறவர்களை மரகதம் பிரித்து நிறுத்தினாள். செங்குத்தான சரிவுப் பக்கம் ஒருவரையும் விடவில்லை. புளிப்பு போய்விடக் கூடாது என்பதால் அன்றைக்கு யாரும் எதுவும் சாப்பிடுவதில்லை என்று பேச்சு. கோயா கேட்காமலே அடுப்பை அணைத்து, பாய்லரைக் கவிழ்த்து, கடை வாசலில் கை கட்டி உட்கார்ந்துகொண்டார்.

மரகதம் டம்ளரை வாங்கி மூக்கைப் பிடித்துக்கொண்டாள். "பிலோமினாக்கா, நான் கடையை மூடினதும் சரிதான், இதைக் குடிக்கிறதும் சரிதான். ரெண்டையும் சேத்து எவனாவது பேசினான்னா உங்களைத்தான் சாட்சிக்குக் கூப்பிடுவேன்."

"குடி மரகதம். நுரை அடங்கிருச்சு."

குடித்தாள். அவளுடைய குழுவின் பெண்கள் குடித்தார்கள், பூசாரி குடித்தார், பங்குத் தந்தை சிலுவை போட்டுக்கொண்டு குடித்தார், இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கழற்றிவிட்டுக் குடித்தார். கடைசியாக, காய்ச்சின மூவரும் குடித்தார்கள். குடைகள் ஒன்றோடொன்று சேர்ந்தன, காரைமட்டத்துக்கு மேலே வானம் பழுப்பாகி, பிறகு சாம்பலாகி, மழை வந்தது. நேராக வந்தது. ஏரியின் வெடிப்புகள் முதலில் ஒரு சத்தமும் இல்லாமல் அதை வாங்கிக்கொண்டன, பிறகு வாங்கமாட்டோம் என்று நிறைந்தன, படகின் விலா எலும்புகளுக்கிடையே தண்ணீர் நின்றது, ஓடைகள் ஒன்றையொன்று கூப்பிட்டுக்கொண்டு இறங்கி வந்தன, காட்டெருமைகள் புல்வெளியில் கண்ணை மூடி நின்றன. பேசினால் எச்சில் ஊறிப் புளிப்பு கரைந்துவிடும் என்று யாரோ சொன்னதால் ஊரே வாய் திறக்காமல் நின்றது. சரிவுகளில் ஒரு கல் உருளவில்லை.

சாயங்காலம் தண்ணீர் ஏரியின் படிகளைத் தொட்டது. மரகதம் கையை உயர்த்தினாள், கோயா அடுப்பைப் பற்ற வைத்தார். ஒவ்வொருவராக வந்து டீ வாங்கிக் குடித்தார்கள், குடிக்கக் குடிக்க ஒவ்வொரு தலைக்கு மேலாக மழை நின்றது. வெட்டுப்பட்ட துணி போல வானத்தில் வெளிச்சத் துண்டுகள் விழுந்து, அவை சேர்ந்து, கடைத்தெரு வெளுத்தது. ஆட்கள் பேசத் தொடங்கினார்கள். அடிபம்பில் முகம் திருப்பியவர்கள் ஒருவர் தலையை ஒருவர் துவட்டிவிட்டார்கள்.

ஏரியின் மறுகரையில் மட்டும் இன்னும் மழை பெய்துகொண்டிருந்தது.

பிலோமினா கோயாவிடம் பிளாஸ்கில் டீ வாங்கிக்கொண்டு கரையைச் சுற்றி நடந்தாள். துரைக்கண்ணு கரைக் கல்லில் உட்கார்ந்திருந்தார், அவருடைய மழை அவர் மேலும், முன்னாலிருந்த தண்ணீரிலும் விழுந்துகொண்டிருந்தது. அவள் தலை துவட்டிப் புடவை மாற்றி வந்திருந்தாள். அப்படியே மழைக்குள் நுழைந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். பிளாஸ்கை இருவருக்கும் நடுவில் வைத்தாள். குடிக்கச் சொல்லவில்லை.

"அன்னைக்கு மாடியில நான் சந்தோஷமாத்தான் நின்னுக்கிட்டு இருந்தேன்" என்றார் அவர். "இந்த மழை அண்டாவுக்குள்ள இறங்கினா பீரு எப்படி வரும், எப்படி வரும்னு அதே நினைப்பு. அவளுக்கும் ஒரு வாய் குடுக்கணும்னு நினைச்சேன். அவ குடிக்க மாட்டா. ஆனா மோந்து பாத்துட்டு ஏதாவது சொல்லுவா."

"எங்கிட்ட ஒரு தடவை சொன்னா, நீங்க காய்ச்சுறது பூரா ஊறுகாய்ச் சட்டி மாதிரி இருக்குன்னு."

"சொல்லுவா." அவர் தண்ணீரைப் பார்த்தார். "இது நின்னா அவ்வளவுதான் பிலோமினா. வேற எங்கயும் இல்ல அந்த ராத்திரி."

"ஆமாண்ணே."

கொஞ்ச நேரம் இருவரும் நனைந்தார்கள். எதிர்க்கரையில் யாரோ யாரையோ பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். துரைக்கண்ணு பிளாஸ்கை எடுத்து மூடியைத் திருகி அதிலேயே டீயை ஊற்றினார். மழை அதற்குள் விழுந்து டீ வெளிறியது. பாதியைக் குடித்தார், நிறுத்தினார், மீதியையும் குடித்தார். மழை மெலிந்து, சொட்டாகி, நின்றது. ஏரி ஒரு முறை சுருங்கி வழவழப்பானது.

"அந்தப் பீப்பாயில அடி வண்டல் நிறையக் கிடக்கும்" என்றார். "கழுவணும் நாளைக்கு."

"வண்டலை என்ன செய்ய?"

அவர் பிளாஸ்க் மூடியைத் திருகினார். "புதுசா காய்ச்சினா அதுல கொஞ்சம் விடலாம். புயல் போயிருச்சு, புளிப்பு இருக்கும்."

சட்டையைக் கழற்றிப் பிழிந்து மறுபடி போட்டுக்கொண்டார். கல் வழுக்கியது. அவள் எழுந்திருக்கக் கை கொடுத்தார்.